மூழ்கிய படகைக் கண்காட்சியில் நிறுத்தலாமா?

வெனிஸ் கலைக் கண்காட்சியில் நூற்றுக்கணக்கான அகதிகள் செத்த நிஜப் படகையே கொண்டுவந்து நிறுத்தினார்களாமே, பக்கத்திலேயே காபிக் கடையாமே, இதெல்லாம் கலையா, செத்தவர்களை வைத்துப் பேர் வாங்குவதா, இதனால் யாருக்காவது பத்துப் பைசா பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டது போல இருக்கிறது, கோபம் நியாயம்தான். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்தவரின் சாவைக் காட்சிக்கு வைக்க ஒரு கலைஞருக்கு என்ன உரிமை என்பது ஒன்று. அப்படி வைத்ததால் கடலில் சாகிறவர்களில் ஒருவராவது பிழைத்தாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு தெளிவாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் யார் தெளிவாகப் பேசினாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், என்னையும் சேர்த்து.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன், ஆனால் ஓவியனாகப் பிழைக்கவில்லை. பல வருடமாகக் கண்காட்சி அமைக்கிற வேலை. பெட்டி பிரிப்பது, பொருள் என்ன நிலையில் வந்து சேர்ந்தது என்று தாளில் குறிப்பது, விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது, சுவரில் ஒட்டுகிற குறிப்பை எத்தனை வரியில் அடக்குவது, இதெல்லாம். விமர்சகர்கள் கலைஞரின் நோக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அதைவிடக் காகிதங்கள் முக்கியம்: பொருள் யாருடையது, யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், கண்காட்சி முடிந்த மறுநாள் அது எங்கே போகிறது. நோக்கம் நல்லதாக இருந்து இந்த மூன்றிலும் கோட்டை விட்ட வேலைகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

நீங்கள் சொல்லும் படகின் கதை இது. 2015 ஏப்ரல் 18 இரவு, லிபியாவிலிருந்து கிளம்பிய ஒரு பழைய மீன்பிடிப் படகு, உதவிக்கு வந்த கிங் ஜேக்கப் என்ற சரக்குக் கப்பலில் மோதி மூழ்கியது. பிழைத்தவர்கள் 28 பேர். இறந்தவர்கள் 700 என்பார்கள், 1,100 வரை என்பார்கள். பயணிகள் பட்டியலே இல்லாத பயணத்தில் இந்த இடைவெளி இனிமேலும் மூடப்போவதில்லை. அடுத்த வருடம் இத்தாலியக் கடற்படை சுமார் 370 மீட்டர் ஆழத்திலிருந்து படகைத் தூக்கி சிசிலிக்குக் கொண்டுவந்தது. மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவர் கிறிஸ்டினா கத்தனேயோவின் குழு, கிடைத்த உடல்களுக்கு அடையாளம் தேடும் வேலையைச் செய்தது. மாலி நாட்டுப் பையன் ஒருவன், 14 வயது இருக்கலாம், சட்டைக்குள் மடித்து வைத்திருந்தது அவனுடைய பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை. போகிற நாட்டில் காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பான். அந்தக் குழு ஆராய்ந்த உடல்களில் சொந்த ஊர் மண்ணைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தவர்களும் உண்டு.

2019-இல் சுவிஸ் கலைஞர் கிறிஸ்டோஃப் ப்யூஹெல் அந்தப் படகை 'பார்கா நோஸ்த்ரா', அதாவது 'நம் படகு' என்ற பெயரில் வெனிஸ் பைனாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தக் கலைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்து, அர்செனாலே என்ற பழைய கப்பல் கட்டும் இடத்தில் கரையோரம் நிறுத்தினார். பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. விவரம் வேண்டுமென்றால் காட்சி நூலைப் புரட்ட வேண்டும். பக்கத்தில் காபிக் கடை இருந்தது உண்மை, படகுக்கு முன்னால் நின்று ஜனங்கள் செல்ஃபி எடுத்ததும் உண்மை. குறிப்பு வைக்காதது வேண்டுமென்றே செய்தது, தெரியாமல் கடந்துபோகிற கூட்டமும் இந்தப் படைப்பில் சேர்த்தி என்று அவர் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வார்கள். சாமர்த்தியமான வாதம். ஆனால் ஒரு சங்கடம், அந்த வாதத்தை எதற்கு வேண்டுமானாலும் சொல்லலாம். பார்க்க வந்தவனை மாட்டிவிட்டு, மாட்டிக்கொண்டதற்காக அவனையே குற்றவாளியாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அகதிப் படகுகள் வந்து சேரும் இத்தாலியின் லாம்பெதூசா தீவில் உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் போர்ட்டோ எம் என்ற இடத்திலும், படகுகளில் கிடைத்த செருப்பு, பாத்திரம், கடிதம் எதற்கும் குறிப்பு எழுதி வைப்பதில்லை. ஆனால் அங்கே போகிறவனுக்குத் தான் எந்தத் தீவில் நிற்கிறோம் என்று தெரியும். வெனிஸில் அது தெரியாது. குறிப்பு வைக்கலாமா கூடாதா என்பதை இடம்தான் முடிவு செய்கிறது.

காபிக் கடையைப் பற்றி எழுதிய அளவுக்கு யாரும் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. படகை இரவலாகக் கொடுத்தது சிசிலியின் அகுஸ்டா நகராட்சி. அந்த ஊரில் 'ஏப்ரல் 18 குழு' என்று ஒரு மக்கள் குழு இருக்கிறது, படகைத் தங்கள் ஊரிலேயே வைத்து அதைச் சுற்றி ஒரு நினைவுத் தோட்டம் அமைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பைனாலே 2019 நவம்பரில் முடிந்துவிட்டது. படகு ஊர் திரும்பியது 2021-இல். வெனிஸில் இறக்கி வைக்கும்போது படகைத் தாங்கும் இரும்புச் சட்டம் சேதமாகி, எப்படித் தூக்குவது, செலவு யாருடையது என்று இழுத்துக்கொண்டே போனது. என் தொழிலில் இதற்கு மன்னிப்பே கிடையாது. இரவல் வாங்கிய பொருளை எப்படித் திருப்பித் தருவோம் என்று தெரியாமல் பெட்டியைத் திறக்கவே கூடாது. அந்தப் படகின் மேல் கொஞ்சமாவது உரிமை கோரக்கூடியவர்கள் என்றால், இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அடுத்தபடி அகுஸ்டா ஊர்க்காரர்கள்தான். அவர்களைக் காக்க வைத்தது, என்னைக் கேட்டால், செல்ஃபியைவிடப் பெரிய அவமரியாதை.

சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் பற்றியும் யாராவது கேட்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரியில் பெர்லின் கச்சேரி மண்டபத்தின் தூண்களைச் சுற்றி 14,000 உயிர்காப்புச் சட்டைகளைக் கட்டினார், எல்லாம் கிரீஸின் லெஸ்போஸ் தீவில் கரையேறியவர்கள் விட்டுச் சென்றவை. தெருவில் போகிற யாரும் நின்று பார்க்கிற மாதிரியான வேலை, எனக்குப் பிடித்தது. ஆனால் அதே சமயத்தில் அங்கே நடந்த ஒரு விருந்தில் சினிமாப் பிரபலங்கள் அகதிகளுக்குப் போர்த்திவிடும் பளபளப்புத் தாளைப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். அதற்குச் சில வாரம் முன்னால் அவரே லெஸ்போஸ் கடற்கரையில், கரையொதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தி கிடந்த மாதிரி குப்புறப் படுத்து ஒரு இந்தியப் பத்திரிகைக்குப் படம் கொடுத்து, அது டெல்லி கலைச் சந்தையில் காட்சிக்கும் வந்தது. அகதிகளுக்காக அவர் நிஜமாகவே அலைந்து உழைத்தவர், அதை மறுக்க முடியாது. இருந்தாலும் அந்தப் படத்தில் தெரிவது ஆய் வெய்வெய்தான், குழந்தை தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான வேலை ஒன்று சொல்கிறேன். யுனைட்டெட் என்ற ஐரோப்பிய அமைப்பு 1993-லிருந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, ஐரோப்பாவுக்குள் நுழையும் முயற்சியிலும் நுழைந்த பிறகும் இறந்தவர்களின் பட்டியல். தேதி, பெயர், வயது, எந்த நாடு, எப்படிச் செத்தார், தகவல் எங்கிருந்து வந்தது என்று ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'பெயர் தெரியாது' என்பதுதான் இருக்கும். கடலில் மூழ்கியவர்கள் மட்டும் இல்லை, லாரிக்குள் மூச்சுத் திணறியவர்கள், தடுப்பு முகாமில் தூக்குப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. துருக்கிக் கலைஞர் பானு ஜெனெத்தோலு 2000-களின் நடுவிலிருந்து இந்தப் பட்டியலை ஊர் ஊராகச் சுவரொட்டியாகவும் நாளிதழ் இணைப்பாகவும் வெளிவரச் செய்கிறார். 2018 ஜூன் 20 அன்று லண்டன் 'கார்டியன்' அதைத் தனி இணைப்பாக அச்சிட்டது, அப்போது எண்ணிக்கை 34,361. 'இது என் படைப்பு இல்லை, இதில் என் பெயர் முன்னால் வரக்கூடாது' என்பதில் ஜெனெத்தோலு கறாராக இருக்கிறார். அந்த வருடமே லிவர்பூல் பைனாலேக்காக ஒரு தெருவின் நீளத்துக்குப் பட்டியலை ஒட்டினார்கள். யாரோ கிழித்தார்கள். மறுபடி ஒட்டினார்கள், மறுபடி கிழித்தார்கள். கடைசியில் கிழிந்தபடியே விட்டுவிட முடிவு செய்தார்கள். எந்தக் கலைஞரும் திட்டம் போட்டு வரவழைக்க முடியாத பதில் அது. காட்சியமைப்பு என்று பார்த்தால் இதில் ஒன்றுமே கிடையாது, காகிதமும் பசையும்தான். நீங்கள் கேட்ட 'பேர் வாங்குவது' என்ற குற்றச்சாட்டு இங்கே ஒட்டாது.

ஆனால் பட்டியலோடு நின்றால் போதுமா என்றால், போதாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் பட்டியலில் சாவு மட்டுமே இருக்கிறது. அந்த ஆள் எதை விட்டுவிட்டு வந்தார், எந்தச் சாமியைக் கும்பிட்டார், யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பது ஒரு வரியில் அடங்காது. அங்கேதான் பிரிட்டிஷ் கலைஞர் ஐசக் ஜூலியனின் 'டென் தவுசண்ட் வேவ்ஸ்' (பத்தாயிரம் அலைகள்) என்ற திரைப் படைப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2004 பிப்ரவரி 5 இரவு, இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் மட்டி அள்ளிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் ஏறுகிற கடலில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 23 பேர். அந்த விரிகுடாவில் தண்ணீர் வற்றினால் மைல் கணக்கில் மணல் திட்டு, நடந்தே போகலாம், ஏறும்போது நான்கு பக்கமும் ஒரே வேகத்தில் சூழ்ந்துவிடும், போதாததற்குப் புதைமணல். உள்ளூர்க்காரர்களுக்கு இது பாலபாடம். இவர்களுக்கு ஆங்கிலமும் தெரியாது, கடலேற்றக் கணக்கும் தெரியாது. பெரும்பாலானோர் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து, வட்டிக்கு வாங்கிய பணத்தை ஆள்கடத்திகளுக்குக் கொடுத்து வந்தவர்கள். சாகிற நேரத்தில் ஊருக்கு போன் போட்டுப் பேசியவரும் அதில் உண்டு. அவர்கள் செத்த பிறகும் கடன் சாகவில்லை, குடும்பங்கள் கட்டிக்கொண்டிருந்தன.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், இணையத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பது ஒரு குற்றம். ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைப் பிடித்துச் சுரண்டுவது வேறு குற்றம். 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்பாடுகளே இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கின்றன. மோர்கமில் நடந்ததைப் பார்த்தால் முதலாவது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவதாக மாறுகிறது என்று புரியும். விரும்பித்தான் வந்தார்கள், வந்த இடத்தில் கடனும் கங்காணியும் சேர்ந்து அவர்களைக் கட்டிப்போட்டன. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கதை தெரிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஜூலியன் 2010-இல் முடித்த இந்தப் படைப்பில் ஒன்பது திரைகள், ஓட்டம் ஐம்பது நிமிடத்துக்குப் பக்கம். முதலில் வருவது அன்றைய இரவின் உண்மையான மீட்புப் பேச்சுப் பதிவும், ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த இருட்டுக் கடல் காட்சியும். அப்புறம் படம் ஃபூஜியானுக்குப் போகிறது, மீனவர்களைக் காக்கும் கடல் தெய்வம் மாட்சுவாக நடிகை மேகி சியுங் காற்றில் மிதந்து வருகிறார், மூங்கில் காடு, பழைய ஷாங்காய் சினிமா, இன்றைய ஷாங்காய் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு இடத்தில் முதிய எழுத்துக் கலைஞர் ஒருவர் பெரிய தூரிகையால் கண்ணாடி மேல் எழுதுகிறார், பிறகு அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிடுகிறார்கள். ஒன்பது திரைகளையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாதபடி தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று முதுகுக்குப் பின்னால் ஓடும், நடந்துகொண்டே இருக்க வேண்டும். 'ரொம்ப அழகாக இருக்கிறது, சாவு இவ்வளவு அழகாக இருக்கலாமா' என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கும் அந்த மூங்கில் காட்டுக் காட்சி கொஞ்சம் விளம்பரப் படம் மாதிரிதான் பட்டது. ஆனால் மாட்சுவைக் கொண்டுவந்தது சரி. செத்தவர்களை 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகளுக்கு நடுவில், கடலில் போகிறவனுக்குத் துணைக்கு வர ஒரு தெய்வம் உள்ள ஊர்க்காரர்கள் இவர்கள் என்று சொன்னது அந்தப் படம். அந்தத் தெய்வம் மோர்கமுக்கு வரவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

சரி, பிரயோஜனம். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். மோர்கம் சாவுகளுக்குப் பிறகு பிரிட்டனில் சட்டம் வந்தது. விவசாயத்துக்கும் மட்டி அள்ளுவதற்கும் ஆள் பிடித்துக் கொடுக்கும் கங்காணிகள் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்றது 2004-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே வேலை வாங்கிய கங்காணிக்கு 2006-இல் 14 வருடச் சிறை விழுந்தது. இந்த இரண்டும் நடந்து முடிந்த பிறகு, 2010-இல்தான் ஜூலியனின் படைப்பு வந்தது. ஆகவே கலை சட்டத்தை மாற்றியது என்று யாராவது சொன்னால் தேதியைக் காட்டுங்கள். 'விழிப்புணர்வு ஏற்பட்டது' என்று கண்காட்சி அறிக்கைகளில் எழுதுவோமே, அதை அளக்க எங்களிடம் எந்தக் கருவியும் கிடையாது. வந்தவர்களின் தலையை எண்ணுவோம், அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு சொல்லலாம். 2011-இல் லிபியாவிலிருந்து 72 பேரோடு கிளம்பிய ஒரு ரப்பர் படகு எரிபொருள் தீர்ந்து 14 நாள் கடலில் மிதந்தது, நேட்டோ ராணுவக் கூட்டணியின் கப்பல்கள் நிறைந்திருந்த கடல் அது. கடைசியில் பிழைத்தவர்கள் ஒன்பதே பேர். சார்ல்ஸ் ஹெல்லர், லொரென்சோ பெத்சானி என்ற ஆய்வாளர்கள் இருவர் படகிலிருந்து போன செயற்கைக்கோள் போன் அழைப்பின் இடத்தையும், அந்த நாட்களின் காற்று, நீரோட்டக் கணக்கையும், ராடார் படங்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, படகு எந்த வழியாக மிதந்தது, அந்தப் பரப்பில் எத்தனை கப்பல்கள் இருந்தன என்று வரைபடம் போட்டார்கள். அந்த அறிக்கையை வைத்து ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அதே வரைபடம் கலைக்கூடங்களிலும் காட்டப்பட்டது. வழக்குகளால் நீதி கிடைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் சான்றாக வைக்கக்கூடிய பொருளையே சுவரிலும் மாட்டும்போது, 'இதனால் என்ன பயன்' என்ற கேள்விக்குக் குறைந்தபட்சம் ஒரு நேரான பதில் இருக்கிறது.

இழப்பு என்றால் சாவு மட்டும் இல்லை என்பதால் நம் பக்கத்து வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011-இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்று ஒரு நூலாகவே ஒரு படைப்பைச் செய்தார். தோம்பு என்பது டச்சுக்காரர் காலத்துக் காணிப் பதிவு. போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். கிணறு எங்கே, சாமியறை எந்தப் பக்கம், மாமரம் எத்தனை என்று ஆளாளுக்கு வரைந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டடக் கலைஞர் வரைவது போல ஒழுங்கான கோட்டுப்படம், அப்புறம் ஓவியரின் சொந்தச் சித்திரம். சொன்னவரின் கையெழுத்தும் கோணல் கோடும் முதலில் வருகிறது, ஓவியர் கடைசியில் வருகிறார். அந்த வரிசையைத்தான் நான் முதலில் சொன்ன காகித விஷயத்தின் நல்ல உதாரணமாகக் காட்டுவேன். இல்லாமல் போன வீட்டுக்கு ஒரு பதிவேடு, அரசாங்கம் எழுதாததை வீட்டுக்காரரே எழுதியது.

வெனிஸ் படகைப் பற்றிக் கேட்டதால் இன்னொரு படகையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் இருந்தவர்கள் நம்மவர்கள். 1996 கிறிஸ்துமஸ் அன்று, சிசிலிக்குத் தெற்கே, யோஹான் என்ற கப்பலிலிருந்து எஃப்174 என்ற சின்னப் படகுக்கு ஆட்களைக் கொந்தளிக்கும் கடலில் மாற்றினார்கள். அளவுக்கு மீறி ஏற்றியதில் அது மூழ்கி, இந்தியா, பாகிஸ்தான், இலங்கையைச் சேர்ந்த 283 பேர் இறந்தார்கள், அதில் இலங்கைத் தமிழர்கள் நிறைய. பிழைத்தவர்கள் கிரீஸில் போய்ச் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. போர்ட்டோபாலோ என்ற சிசிலி ஊரின் மீனவர்கள் வலையில் உடல்கள் ஏறின. விசாரணை என்று படகை நிறுத்திவிடுவார்கள், பிழைப்புப் போய்விடும் என்று பயந்து திரும்பக் கடலில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு வலையில் 17 வயது ஈழத் தமிழ்ப் பையன் ஒருவனின் அடையாள அட்டை வந்தது. அதை ஒரு மீனவர் பத்திரிகையாளர் ஜொவான்னி மரியா பெல்லுவிடம் எடுத்துச் சொல்ல, 2001-இல் ஆளில்லாக் கருவியை இறக்கி, 108 மீட்டர் ஆழத்தில் படகைப் படம் எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான், கட்டுக்கதை என்று ஒதுக்கிவைத்த அந்தப் 'பேய்க்கப்பல்' நிஜம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதைத் தூக்கவில்லை. 2015-இன் படகைத் தூக்கச் சொல்லி உத்தரவு போட்ட நாடுதான் இதையும் கடலடியில் விட்டு வைத்திருக்கிறது.

ஆகவே நிஜப் படகைக் காட்டலாமா என்றால், காட்டலாம் என்பதுதான் என் கட்சி. போர்ட்டோபாலோவில் அந்த அட்டை வெளியே வராமல் போயிருந்தால் 283 பேரும் செத்ததாகவே கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் காட்டுகிறவர் குறிப்பு எழுத வேண்டும், கொடுத்தவரிடம் சொன்ன தேதியில் திருப்பித் தர வேண்டும், குடும்பங்கள் இருந்தால் தேடிப் போய்க் கேட்க வேண்டும். கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ 'பாலிம்ப்செஸ்ட்' என்ற வேலைக்காக, ஐரோப்பாவுக்குக் கடல் கடக்கையில் இறந்தவர்களின் பெயர்களை ஐந்து வருடம் தேடி அலைந்தார், தாய்மார்களிடம் பேசினார், அதற்குப் பிறகுதான் 2017-இல் மாட்ரிட்டில் கல் தரையில் அந்தப் பெயர்கள் தண்ணீர்த் துளிகளாக ஊறி எழுந்து மறையும்படி செய்தார். முடியாத காரியம் இல்லை, நேரம் பிடிக்கும் காரியம்.

நேரில் பார்க்க வாய்ப்பில்லை என்றால் யுனைட்டெட் பட்டியல் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, முதலில் அதில் ஒரு ஐந்து பக்கம் படியுங்கள். ஜூலியன் படத்தின் துண்டுகளை போனில் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், அது ஒன்பது திரைக்கு நடுவில் நடந்து பார்க்க வேண்டியது, ஏதாவது அருங்காட்சியகம் அதைப் போடும்போது போய்ப் பாருங்கள். அப்புறம் எந்த ஊரில் இந்த மாதிரி ஒரு கண்காட்சிக்குப் போனாலும் அங்கே நிற்கிற ஊழியரிடம் 'இது முடிந்ததும் எங்கே போகும்' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.